வெங்காயச் சீர்

"...பவுனைப் பத்தி அப்புறம் பேசுவோம் மதினி, மொதல்ல இந்த மாலை போட்ட மகராசனைக் கும்பிட்டுக்கங்க" என்று என் தாய்மாமன், அப்பாவின் அக்காவான அத்தையிடம் சொல்ல, பெண்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் கம்பு கட்டித் தூக்கிவந்த ஒரு மூட்டை வெங்காயம். அதற்குச் சாமந்தி மாலை போட்டு, சந்தனம் தெளித்து, மாப்பிள்ளை மாதிரி சோடித்திருந்தார் மாமன்.

அவனியாபுரத்தில் ஒரு கோவில் மண்டபத்தில் எனக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிற விசேஷம் அது. வெங்காயம் யானை விலை விற்ற வருஷம். பந்தியில் தயிர்ப் பச்சடிக்கு முட்டைக்கோஸைப் போடச் சொல்லியிருந்தார் அப்பா. அந்த நேரத்தில் கொட்டு முழங்க ஒரு மூட்டை வந்து இறங்கினால் எப்படி இருக்கும்? பிள்ளைகள் நாங்கள் குதித்தோம். சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்தார். ஒரு பெரியவர், இந்த மூட்டைக் காசுக்குத் தன் கல்யாணத்தையே முடித்ததாகச் சொல்ல, பக்கத்திலிருந்தவர் தன் கல்யாணம் அதிலும் பாதிதான் என்றார்.

அத்தை மட்டும் அசையவில்லை. நான் அம்மா வயிற்றில் இருந்தபோதே, பிறக்கிற பிள்ளைக்கு ஒரு பவுனில் தோடு என்று மாமன் சபையில் வாக்குக் கொடுத்திருந்தார். காய்கறி மார்க்கெட்டில் மூட்டை சுமந்து சேர்த்த காசு அவருடையது. அது சேரச் சேர, பவுன் எட்டி எட்டிப் போனது. அடுத்த தை, அடுத்த தை என்று தள்ளியதில் எனக்கு ஆறு வயசாகிவிட்டது. இன்றைக்கு ஒரு பவுன் விற்கிற விலைக்கு அன்றைக்கு அங்கே வீட்டு மனையே வாங்கிப் போட்டிருக்கலாம்; யாருக்குத் தெரியும்.

அத்தைக்குத் தராசு வேண்டாம். நகையை உள்ளங்கையில் வாங்கினாலே எடையைச் சொல்லிவிடுவார். குறைந்தால் சபை முழுக்கச் சொல்லுவார். அதற்கப்புறம் ஆயுசுக்கும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

"தோட்டைக் குடுங்க கொழுந்தனாரே, தாம்பாளத்துல வச்சு நாலு பேருக்குக் காட்டணும்ல" என்று கையை நீட்டினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமன் அந்தக் கை நிறைய வெங்காயத்தை அள்ளி வைத்தார். "பந்திக்குப் போக மிச்சமெல்லாம் ஒங்களுக்குத்தான் மதினி. சமையக்காரரு கட்டிக்கிட்டுப் போயிறாமப் பாத்துக்கங்க."

அத்தை திரும்பிப் பார்த்தார். சமையல்காரர் மூட்டையின் வாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அத்தை அங்கே விரைந்தார்.

கிடைத்த அந்த இடைவெளியில் என்னை மடியில் உட்காரவைத்து, சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தைக் காது குத்த வந்த ஆசாரியிடம் கொடுத்தார் மாமன். நான் கத்தினேன், கொட்டுச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. காதில் ஏறிய தோடு மிளகளவுதான் என்றும், சேர்த்த காசு அரைப் பவுனுக்குக்கூடக் காணாததால் தோடு போக மீதியை மார்க்கெட் முதலாளியிடம் கொடுத்து, அவருக்கு அடக்கமான விலைக்கே மூட்டையை வாங்கினார் என்றும் பல வருஷம் கழித்து அம்மா சொன்னாள். அன்றைக்கு எனக்கு என் மாமனைப் போல வசதியான ஆள் மதுரையிலேயே இல்லை.

போட்டாச்சா என்று கேட்டபடி அத்தை திரும்பி வருவது தெரிந்தது. மாமன் தோளில் கிடந்த ஜரிகைத் துண்டை உருவினார். சந்தனம் பூசிய என் மொட்டைத் தலையில், இரண்டு காதும் மூடும்படி உருமாக் கட்டினார். எனக்கு மகுடம் சூட்டுகிறார் என்று நினைத்தேன். பிறகு அத்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, கொட்டுக்காரர்களுக்கு முன்னால் போய் ஆட ஆரம்பித்தார்.