பருந்து என்று சொல்லி மாட்டிக்கொண்டேன்

நோட்டீஸ் போர்டைத் தாண்டிப் போகிற ஷிப்ட் தோழர்களே, ஒரு நிமிடம் நில்லுங்கள்!

இன்று காலை பேரணாம்பட்டு பஸ் பஞ்சராகி நின்றது. ரோட்டோரத் தோல் ஆலைக் கழிவு மேட்டுக்கு மேலே பெரிய பறவை ஒன்று வட்டமிட்டது.

"பருந்து" என்றேன், நாலு வருடமாகப் பறவை பார்க்கிறவன் என்ற திமிரில்.

பீடி இலைக் கட்டோடு பக்கத்தில் நின்ற அம்மா சிரித்தார். "இன்னா சார், பருந்துக்கு வாலு நடுவுல பொளந்திருக்கும். இதுக்கு ஆப்பு மாதிரி இருக்குது பாருங்க. ஒடம்பு வெள்ளை, றெக்கை ஓரம் கறுப்பு. எறங்கட்டும், மூஞ்சியப் பாருங்க."

இறங்கியது. மூஞ்சி மஞ்சள்! இத்தனை வருடம் நான் தேடி அலைந்த மஞ்சள்முகப் பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு! ரோட்டிலேயே குதித்தேன்.

"தெனமும் வர்றதுதானே சார்!" என்றார் அவர்.

தினமுமா? அந்த வழியாக வேலைக்கு வருகிறவர்களே, பார்த்தும் என்னிடம் சொல்லாதவர்கள் கீழே பெயர் எழுதுங்கள். நேரில் வந்து சண்டை போடுகிறேன்.