மாப்பிள்ளைக்கு மட்டும் லீவு இல்லை

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் நான் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பிரிவு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நான், ஒரு மேசை, பிரிண்டரில் காகிதம் சிக்கினால் பிடுங்க ஒரு ஸ்க்ரூ டிரைவர், அவ்வளவுதான். இன்னும் ஒரு மாதத்தில் வேலை நிரந்தரமாக வேண்டும். அந்த நேரம் பார்த்து நிர்வாகம் ஒரு சாஃப்ட்வேரை வாங்கிப் போட்டது. லீவு, சேஃப்டி ஷூ, பஸ் ரூட் மாற்றம், ஏசி ரிப்பேர் என்று யாருக்கு எது வேண்டுமானாலும் இனிமேல் அதில்தான் கேட்க வேண்டும். கேட்ட கோரிக்கை யார் யாரிடம் போய் ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற பாதையை வரையும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அதற்கு முன்பு லீவு என்பது ஒரு அட்டையில் செருகிய காகிதம். அடியில் ஷிஃப்ட் இன்சார்ஜ் கையெழுத்துப் போடுவார், நடுவில் ஹெச்.ஆர். மேடம், உச்சியில் பிளான்ட் ஹெட். ஊர்ந்து ஊர்ந்து மூன்று நாள் ஆகும். இதை ஒரே நாளாக்கிக் காட்டுகிறேன் என்று மீட்டிங்கில் எழுந்து நின்று சொன்னேன். மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் கோரிக்கை போகும். மூன்று பேரும் ‘சரி’ அழுத்தியதும் லீவு தயார். மரியாதை குறையக் கூடாது என்று பிளான்ட் ஹெட் பெயரை ஒன்று என்று முதலிலும், மேடத்தை இரண்டிலும், இன்சார்ஜை மூன்றிலும் போட்டிருந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எனக்கு அன்றும் இன்றும் நல்ல தேர்ச்சி உண்டு.

அதில் முதன்முதலாக லீவு கேட்டவன் வெல்டிங் லைனில் டிரெய்னியாக இருந்த சங்கரன்கோவில் பக்கத்து இளைஞன். தொழிற்சாலைக்குப் பக்கத்து வல்லத்தில் ஐந்து பேரோடு ஒரே அறையில் தங்கியிருந்தான். ஆறு நாள் லீவு கேட்டு, காரணம் என்ற கட்டத்தில் ‘என் கல்யாணம்’ என்று எழுதியிருந்தான். லீவு தொடங்க இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. டிரெய்னி ஒருவன் அனுமதி இல்லாமல் மூன்று நாள் வராமல் போனால் பெயரை அடித்துவிடுவார்கள். கல்யாணமா வேலையா என்று அவன் நிற்கும்படி ஆகிவிடக் கூடாது.

முதல் நாள் திரையில் ‘காத்திருக்கிறது’ என்று வந்தது. இரண்டாம் நாளும் அதேதான். மூன்று பெயருக்கு நேராகவும் மஞ்சள் வட்டம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. கோரிக்கை யாருக்கும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கையேட்டைத் திறந்தேன். அறுநூறு பக்கம். கம்பெனி முத்திரையைத் திரையின் எந்த மூலையில் வைக்கலாம் என்பதற்கு மட்டும் ஒன்பது பக்கம், படங்களோடு. என் பாதையில் நட்டநடுவே இருந்த காத்திருப்புப் படிக்கு ஒன்றரை வரி. அந்த ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘இந்தப் படி காத்திருக்கும். தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளவும்.’ எதற்காகக் காத்திருக்கும், யார் சொன்னால் நகரும், யாருடைய தேவை என்பதெல்லாம் நம் பூர்வ புண்ணியத்தைப் பொறுத்தது. எழுதினவர் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் அவரையே என் தேவைக்கேற்ப அமைத்திருப்பேன்.

உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார்.

“கையேட்டுல இருக்கு சார்.”

“ஒன்றரை வரிதாங்க இருக்கு.”

“ஆமா சார், அந்த ஒன்றரை வரிதான்.”

சரி, நாமே சோதித்துப் பார்ப்போம் என்று என் பெயரில் இருபது ஜோடி சேஃப்டி ஷூ கேட்டு ஒரு பொய்க் கோரிக்கை போட்டேன். அதற்கு ஒப்புதல் ஷிஃப்ட் இன்சார்ஜ் ஒருவர்தான். அது சோதனை என்று அவருக்குச் சொல்ல மறந்துவிட்டேன். ஐந்தே நிமிடத்தில் ‘சரி’ விழுந்தது. மதியம் ஸ்டோரிலிருந்து இருபது ஜோடி ஷூவும் தள்ளுவண்டியில் என் மேசைக்கு வந்து இறங்கின. கால் நீட்ட இடமில்லாமல் போய்விட்டது. ஷூவுக்கு வேலை செய்கிற சாஃப்ட்வேர் கல்யாணத்துக்கு ஏன் மக்கர் செய்கிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

டீ பிரேக்கில் மாப்பிள்ளை தினமும் கதவருகே வந்து நிற்பான். “அண்ணே, நகந்துச்சா?” என்பான். “பாத்துக்கிட்டே இருக்கேன்பா” என்பேன். ஐந்தாம் நாள் அவன் கூடவே இன்சார்ஜும் வந்தார். வாலாஜாபாத்காரர், நல்ல மனுஷர். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, “இன்னாத்துக்குப்பா மண்டைய ஒடச்சிக்கினு கீற? வல்லக்கோட்டை முருகனாண்ட ஒரு தேங்கா ஒடச்சிட்டு வா, சரியாப் பூடும்” என்றார். நான் நிஜமாகவே போய் உடைத்தேன். மஞ்சள் வட்டம் அப்படியே இருந்தது.

ஆறாம் நாள் காலை இன்சார்ஜின் பிரிண்டரில் காகிதம் சிக்கியது. எடுக்கப் போனேன். அவர் மேசையில் பளபளக்கும் தாளில் சுற்றிய ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது, மாப்பிள்ளைக்குக் கல்யாணப் பரிசு. சங்கரன்கோவிலுக்கு வேன்கூடப் பேசியாயிற்று என்றார். அவருடைய திரையில் பார்த்தால், அந்த லீவுக் கோரிக்கை விரிந்து கிடந்தது.

“சார், இது உங்களுக்கு வந்துடுச்சா?”

“அன்னிக்கே வந்துச்சே.”

“அப்புறம் ஏன் சார் அழுத்தல?”

“இன்னாப்பா பேசுற? ஒண்ணாம் நம்பர்ல பெரியவரு பேரு கீது. அவரு போடாம மூணாவது ஆளு நான் போட்டா நல்லாவா இருக்கும்? காயிதத்துல அடியில என் எடம் காலியா இருக்கும், போட்டுனு போயிக்கினே இருப்பேன்.”

மேடத்திடம் ஓடினேன். “இன்சார்ஜ் போட்டதும் போடலாம்னு இருந்தேன்பா. லைன்ல ஆள் போதுமான்னு அவருக்குத்தானே தெரியும்?” என்றார். அவரும் வேனில் இடம் பிடித்திருந்தார். பிளான்ட் ஹெட் அறைக் கதவை அதுவரை நான் தட்டியதே இல்லை. அன்று தட்டினேன். “நான் முதல்ல போட்டுட்டா, அப்புறம் மத்தவங்க முடியாதுன்னு சொல்ல வாயத் திறப்பாங்களா? அதான் கீழேருந்து வரட்டும்னு விட்டுவெச்சேன்” என்றார் அவர். அவரும் தன் காரில் சங்கரன்கோவிலுக்குக் கிளம்புவதாக இருந்தார். கல்யாணத்துக்கு மூன்று பேரும் கிளம்பத் தயார். மாப்பிள்ளைக்கு மட்டும் லீவு இல்லை.

சாஃப்ட்வேரில் ஒரு பிழையும் இல்லை. காத்திருப்புப் படியில் ‘எல்லோரும்’ என்று நான் தேர்ந்தெடுத்திருந்தேன், அது எல்லோருக்காகவும் உட்கார்ந்திருந்தது. பாதையைக் காகிதம் போலவே கீழிருந்து மேலாக மாற்றினேன். அப்போதும் மஞ்சள் வட்டம் நகரவில்லை. புதுப் பாதை புதுக் கோரிக்கைக்குத்தானாம். பழையது பழைய பாதையிலேயே கிடக்குமாம். இதற்குக் கையேட்டில் அரை வரிகூட இல்லை. ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்றால், பத்து நாள் முன்னதாகக் கேட்காத லீவை அது தானே நிராகரித்துவிடும். மீதி இருந்ததோ ஆறு நாள்.

மூன்று பேரையும் கெஞ்சி மீட்டிங் அறையில் உட்கார வைத்தேன். மாப்பிள்ளையை லைனிலிருந்து கையுறையோடு கூட்டிவந்தேன். மூன்று லேப்டாப்பிலும் அதே கோரிக்கை. “நீங்க போடுங்க சார்” என்றார் இன்சார்ஜ். “இல்ல, உங்க லைன், நீங்க போடுங்க” என்றார் பிளான்ட் ஹெட். “ரெண்டு பேரும் போடுங்க, நான் பின்னாடியே போட்டுடறேன்” என்றார் மேடம். பந்தி வரிசையில் முதலில் உட்கார மறுக்கும் சம்பந்திகள் தோற்றார்கள்.

மாப்பிள்ளை கையுறையோடு கும்பிட்டான். “யாராச்சும் ஒருத்தர் போடுங்க சார். நான் இன்னும் டிக்கெட்டுகூட எடுக்கல. பொண்ணு வீட்ல, மாப்பிள்ளைக்கு நெசமாவே வேலை இருக்கா, இல்ல சும்மா சொல்றாகளான்னு கேக்காக.”

பிளான்ட் ஹெட் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து அழுத்தினார். அடுத்த நொடியே மற்ற இருவரும் அழுத்தினார்கள். மஞ்சள் வட்டம் மூன்றும் பச்சையாயின.

அவன் கையுறையைக் கழற்றிவிட்டு அங்கேயே ஊருக்குப் போன் போட்டான். “யம்மா, லீவு கெடச்சிருச்சு. இங்க ஒரு அண்ணன் ஆறு நாளா எனக்காகக் கம்ப்யூட்டர்ல மல்லுக்கட்டிருக்காக” என்றான். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மூன்று பேரும் என் மேசையிலிருந்து நாற்பது அடி தூரத்தில்தான் இருந்தார்கள். ஏன் சார் அழுத்தவில்லை என்று முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மீட்டிங்கில் விட்ட சவடால் பொய்யென்று தெரிந்துவிடுமோ, நிரந்தரம் போய்விடுமோ என்ற பயத்தில் கேட்காமல் இருந்தேன். அதை அவனிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை. பத்திரிகையை வாங்கிக்கொண்டு, கண்டிப்பாக வருகிறேன் என்றேன்.