நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே

அப்பா லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வயதில் ஒரு பன்னிரண்டு மாடி அலுவலகத்தில் கிரீஸ் பூசும் வேலைக்குச் சேர்ந்தவர், முப்பத்தெட்டு வருடம் கழித்து அங்கேயே தலைமை மெக்கானிக்காக ஓய்வு பெற்றார். அம்மா அதே கட்டடத்தில் டெலிபோன் ஆபரேட்டர். அவள் படியேறக் கூடாதென்று காலை ஒன்பது மணிக்கு லிஃப்டைக் கீழேயே பிடித்து வைத்திருப்பாராம். மேலே இருப்பவர்கள் மணியடித்து ஓய்ந்துபோவார்களாம். "ஏத்தி எறக்கியே கல்யாணம் பண்ணிட்டாரு உங்கப்பா" என்பாள் அம்மா.

அவருக்கு வலது மோதிர விரலில் பாதி கிடையாது. மோட்டாரில் கை வைத்திருந்தபோது யாரோ தெரியாமல் கரண்டைப் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு எந்த வேலையானாலும் முதலில் ஃபியூஸ்களைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொள்வார். "என் உசிரு என் பையில இருக்கணும். அடுத்தவன் கையில குடுக்க மாட்டேன்."

ஒரே ஒரு தடவை என் கையில் கொடுத்தார்.

ஆறு வருடத்துக்கு முன் மகளோடு அப்பா அம்மாவின் ஆறாம் மாடி வீட்டுக்கு விடுமுறைக்கு வந்திருந்தேன். அவளுக்கு ஐந்து வயது, மூச்சிழுப்பு உண்டு. ஒரு மத்தியானம் அம்மா அவளைக் கடைக்குக் கூட்டிப்போய்த் திரும்பியபோது, நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. அங்கே கதவில்லை, வெறும் சுவர். இன்ஹேலரோ மேலே வீட்டில், என்னிடம். கம்பெனி ஆள் வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள்.

எழுபத்தொரு வயது அப்பா மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் படியேறினார். அந்த அறைச் சாவியைக் குடியிருப்பவர்கள் அவரிடம்தான் கொடுத்து வைத்திருந்தார்கள். தரையில் கயிறு இறங்கும் துளை வழியே அம்மாவின் குரல் வந்தது.

"என்னங்க! லிஃப்ட் லிஃப்டுன்னு ஆயுசு பூரா பீத்திக்கிட்டு, கட்டினவளை அந்தரத்துல தொங்க விட்டுட்டீங்களே!"

"உன் கச்சேரியை அப்புறம் வெச்சுக்க. பாப்பாவை எண்ணச் சொல்லு. சத்தம் நிக்கக் கூடாது."

மகள் எண்ணினாள். நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவே விசில் போல ஓர் இழுப்பு.

அப்பா ஃபியூஸைக் கழற்றப் போனார். அது இறுகிப்போயிருந்தது.

"அதெல்லாம் அப்புறம்! நேரமில்லப்பா!"

"நேரமில்லாதப்பதான் இதைக் கழட்டணும்."

அதைப் பிடுங்கிப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டி அரை நிமிடம்கூட ஆகவில்லை, அறை விளக்கு அணைந்து எரிந்தது. கீழே வாட்ச்மேன் தன் பங்குக்கு மெயின் சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மோட்டாரின் இரும்புச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கத்திலிருந்த பிரேக் கம்பியைக் காட்டினார். "அழுத்தினா பிரேக் திறக்கும், விட்டா பிடிக்கும். பெட்டியில ஆள் கம்மி, எதிர்ப்பக்க எடை கனம். திறந்தா தானா மேல ஓடும். நான் சொன்னா மட்டும் அழுத்து." கயிற்றில் அவர் பூசியிருந்த மஞ்சள் கோடு தரைக்கு வந்தால் பெட்டி ஐந்தாம் மாடிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

"அழுத்து... விடு." கோடு ஒரு சாண் நகர்ந்தது. "அழுத்து... விடு."

"ஆறு," என்றாள் மகள். "ஏழு."

அதற்கப்புறம் சத்தமில்லை.

"பாப்பா?" அம்மாவின் குரலில் கிண்டல் போயிருந்தது. "பாப்பா! கண்ணைத் திற!"

அப்பா சொல்வதற்குள் நான் அழுத்திவிட்டேன். முழு பலத்தோடு. சக்கரம் அவர் கையையும் இழுத்துக்கொண்டு சுழன்றது. கீழே அம்மா அலறினாள். "விடு! விடும்மா!" என்கிறார் அப்பா, என் விரல்கள் பிரியவில்லை. அப்பா சக்கரத்தின் மேல் மார்போடு கவிழ்ந்தார். அது நின்றது.

"இப்ப விடு," என்றார் மெதுவாக. விட்டேன். கோடு நான்கு விரற்கடை தாண்டியிருந்தது. கதவுச் சாவியை என் பக்கம் தள்ளினார். "ஓடு."

ஐந்தாம் மாடிக் கதவைத் திறந்தபோது மகளின் உதடு வெளுத்திருந்தது. இன்ஹேலரை இரண்டு முறை அடித்தேன். மூன்றாவதில் இருமினாள், பிறகு வீறிட்டாள். "அழுடி என் ராசாத்தி, நல்லா அழு," என்று அம்மாவும் சேர்ந்து அழுதாள்.

அப்பா சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். இடது மணிக்கட்டு உடைந்து வீங்கியிருந்தது.

"ஏங்க பெட்டி அப்படிக் குதிச்சுது?" என்று கேட்டாள் அம்மா.

"கை வழுக்கிடுச்சு," என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. ஊர் திரும்பிய மறுவாரம் அம்மா போனில் சொன்னாள்: பெரியவருக்கு வயதாகிவிட்டது என்று குடியிருப்பவர்கள் மோட்டார் அறைச் சாவியைத் திருப்பிக் கேட்டார்களாம்; பேசாமல் எடுத்துக் கொடுத்துவிட்டாராம். அப்பா போனுக்கு வந்ததும் அவரிடம் தனியாக, "உண்மையைச் சொல்லிடறேன்ப்பா" என்றேன்.

"எதுக்கு? உன் பிள்ளை நாளைக்கு உன் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தானே ஏறி இறங்கணும்? வழுக்கினது என் கையாவே இருக்கட்டும்."

போன மாதம் அப்பா போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அம்மா, "முப்பத்தெட்டு வருஷ சர்வீசு! சொந்தப் பேத்தி ஏறினப்பதான் மனுஷனுக்குக் கை வழுக்கிச்சு," என்று அழுகையின் நடுவே சிரித்தாள். மறுநாள் காலை, என் மகளையும் பக்கத்தில் உட்காரவைத்து, நடந்ததைச் சொன்னேன்.

"ஆறு வருஷமா நான் குத்திக் காட்டினேன். கல்லுளிமங்கன் மாதிரி சிரிச்சுக்கிட்டே இருந்தாரே," என்றாள் அம்மா. பிறகு, "எழுதிக் குடு. சாவியைத் திருப்பி வாங்கினவங்க வீட்டுக்கெல்லாம் நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன்."

எழுதிவிட்டேன். பிரேக்கை அழுத்தியது நான். அப்பா சக்கரத்தை விடவே இல்லை.