யோசித்துவிட்டுத் தட்டுகிறவள்

கணினி வகுப்பில் மாணவர் செய்து முடித்த வேலைக்கே மதிப்பெண். எடுத்துக்கொண்ட நேரத்துக்கு அல்ல. கிழக்குத் தாம்பரத்தில் என் மகள் படித்த பள்ளியின் கையேட்டில் இருந்த விதி இது. கையேட்டை முழுதாகப் படித்தது நான் ஒருவனாகத்தான் இருக்கும், ஆசிரியர்களையும் சேர்த்து.

தொண்ணூறுகளின் தொடக்கம். மூன்றாம் வகுப்புக்கு இரண்டே கணினிகள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம், பிறகு மணி. கட்டளை தட்டினால் திரையில் கோடு விழும். அப்படியே ஒரு வீடு வரைய வேண்டும். மற்ற பிள்ளைகள் கைக்கு வந்ததைத் தட்டி, கோணலாகிப் போனதைப் பார்த்துச் சிரித்து, மறுபடி தட்டினார்கள். என் மகளோ விசைப்பலகையைத் தொடாமல், தொடையில் விரலால் வரைந்துகொண்டிருப்பாள். மணி அடித்துவிடும். அவளுடைய முன்னேற்ற அட்டையில் 'ஆர்வமில்லை' என்று எழுதிவிட்டார்கள். ஆர்வமில்லாதவர்களுக்கு நான்காம் வகுப்பில் கணினி கிடையாது, தையல்தான்.

"அவங்கள்லாம் தட்டிப் பாத்துட்டு யோசிக்கறாங்கப்பா. நான் யோசிச்சிட்டுத் தட்டறேன்," என்றாள். தையலுக்குப் போக மாட்டேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்தாள்.

அரை நாள் விடுப்பு எடுத்துப் பள்ளிக்குப் போனேன். கணினி ஆசிரியை நல்ல மாதிரி. வகுப்பு கலைந்ததும் அவளை உட்கார விட்டார். ஐந்து நிமிடம் சும்மா இருந்தாள். பிறகு பதினோரு கட்டளைகள், ஒன்றுகூடப் பிழையில்லை. கதவோடு ஒரு வீடு.

"அழகா இருக்கு சார். ஆனா மணி அடிச்சப்புறம் செஞ்சதை எப்படி சார் கணக்குல எடுத்துக்கறது?"

அலுவலகத்தில் எத்தனையோ பேரிடம் நானே சொன்ன பதில். மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

தலைமையாசிரியையை நேரில் பார்த்துக் கேட்கச் சொன்னாள் மனைவி. வாய்ப்பேச்சுக்குப் பதிவு கிடையாது என்று விளக்கினேன். விதியைச் சுட்டி நிர்வாகக் குழுவுக்கு, உரிய வழியில், மனுப் போட்டேன். தலைமையாசிரியை அதை ஆசிரியையின் விளக்கத்துக்கு அனுப்பினார், விளக்கம் குழுவுக்குப் போனது, குழு கூடவில்லை. மூன்று நினைவூட்டல்கள் அனுப்பினேன். அதற்குள் மகள் நான்காம் வகுப்பில் பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தாள்.

அரையாண்டுத் தேர்வின்போது தலைமையாசிரியையைப் பள்ளி வாசலில் சந்தித்தேன்.

"நேர்ல ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே சேத்திருப்பேனே சார். இப்ப ஃபைல் மேல போயிடுச்சு. என் கையில இல்ல."

அவர் சொன்னது நடைமுறைப்படி சரி.

'தங்கள் மகள் நான்காம் வகுப்பில் கணினி பயில அனுமதிக்கப்படுகிறார்' என்ற பதில், அவள் ஐந்தாம் வகுப்புக்குப் போன அன்று வந்தது: ஜூன் மாதத்தின் முதல் திங்கட்கிழமை.