கன்ட்ரோலர் எப்படி இருக்கிறது என்று அப்பா கேட்டார்

2017ஆம் ஆண்டு மே மாதம் பதினேழாம் தேதி, புதன்கிழமை, மாலை நான்கரை மணிக்கு அப்பாவின் வீடியோ அழைப்பு வந்தது. வழக்கமாக அவர் வெள்ளிக்கிழமைகளில்தான் அழைப்பார். அன்று வெள்ளிக்கிழமை அல்ல என்பதைக் கவனித்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. குவைத்தில் அப்போது பிற்பகல் இரண்டு மணி. வேலைநாளின் நடுவில் ஒரு மனிதர் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்து சாவகாசமாகப் பேசுகிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று கணிக்கிற வயது எனக்கில்லை. எனக்குப் பதினொரு வயது. எனக்கிருந்த கவலை வேறு. அப்பா ஒவ்வொருவரிடமும் அபிப்பிராயம் கேட்கப்போகிறார், என் முறையும் வரும் என்பதுதான் அது.

அபிப்பிராயம் ஒரு கன்ட்ரோலரைப் பற்றியது. அந்த ஆண்டு ஈஸ்டருக்குத் தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் கேம் பெட்டி ஒன்றை அப்பா அனுப்பியிருந்தார். இரணியலுக்கும் தக்கலைக்கும் இடையிலிருந்த எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அது ஓர் அதிசயம். ஆனால் பெட்டியோடு வந்த கன்ட்ரோலர் இரண்டு துண்டாகப் பிரியும் தினுசு. ஒவ்வொரு துண்டும் ஒரு சாக்லேட் கட்டியின் அளவுதான். பெட்டியைக் கொண்டாடியவர்கள் எல்லாரும் அந்தத் துண்டுகளைத் திட்டினார்கள். அந்தத் திட்டுகள் அண்ணன் வழியாக அப்பாவின் காதுக்குப் போயிருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து, பழைய பாணியில் செய்யப்பட்ட ஒரு புதிய கன்ட்ரோலரை அனுப்பிவைத்தார். ஒரே துண்டாக, இரண்டு கைகளாலும் பிடிக்கும்படி, கட்டைவிரலுக்கு ஒன்றாக இரண்டு குமிழ்களோடு அது இருந்தது. விடுப்பில் வந்த அப்பாவின் அறைத்தோழர் திங்கட்கிழமை அதைக் கொண்டுவந்தார். பொட்டலத்தை நான் உள்ளே கொண்டுபோனேன். அவர் வாசல் கேட் அருகிலேயே நின்று அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சிறிது நேரம் பேசிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பின்னால் எனக்குத் தெரியவந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பா வேலை பார்த்த நிறுவனத்தை ஏப்ரலிலேயே மூடிவிட்டார்கள். அப்பா அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அங்கே மின்பொருள் கடை வைத்திருந்த நண்பர் ஒருவர், இம்மாதிரி விளையாட்டுச் சாமான்களைச் சரக்காக எடுத்துத்தருகிறேன், ஊருக்குப் போய் ஒரு கடை போடு என்று சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. ஜூனில் ஊர் திரும்பித் தக்கலையில் ஒரு கடை, அதன் பிறகு வீட்டோடு இருந்துவிடலாம். ஆனால் சரக்கு போகுமா என்று முதலில் தெரிய வேண்டும். அவருக்குத் தெரிந்த சந்தையோ, எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் கூடும் நான்கு பையன்கள்தான். அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, வருவதா இருப்பதா என்று முடிவெடுக்க நினைத்திருந்தார். இதை அண்ணன் எனக்குச் சொன்னது நான் பத்தாம் வகுப்பில் படிக்கும்போது.

அந்த நான்கு பேரில் அண்ணன் ஒருவன். மற்றவர்கள் சித்தப்பாவின் மகன்கள் இருவரும் பக்கத்து வீட்டுப் பையனும். பள்ளி விடுமுறையாதலால் திங்கள் மாலையிலிருந்தே அவர்கள் எங்கள் வீட்டில்தான் கிடந்தார்கள். அண்ணன் புதிய கன்ட்ரோலரைக் கையிலெடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் இருந்தான். பிறகு, இதுதான் கன்ட்ரோலர், இவ்வளவு நாளும் நாம் பிடித்திருந்தது சோப்புத்துண்டு என்று தீர்ப்பளித்தான். சித்தப்பாவின் மூத்த மகன், சிலுவை வடிவப் பொத்தானில் பிசகு இருக்கிறது, இடப்புறம் அழுத்தினால் மேலே போகிறது என்றான். அவன் தோற்கும்போதெல்லாம் அந்தப் பொத்தான் பிசகியது. இளையவனுக்குக் கை எட்டவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு, ஆர்மோனியம் வாசிப்பவனைப்போல மேலிருந்து அழுத்தினான். பக்கத்து வீட்டுப் பையனுக்குத்தான் எதுவும் திருப்தியில்லை.

“ஏலே, பழைய சாமானத்தத் திரும்பவும் செஞ்சு புதுசுன்னு விக்கானுவ. இதுல புதுசாட்டு என்னவாக்கும் இருக்கு?” என்றான்.

அப்படிச் சொன்னவன்தான் தன் முறை முடிந்த பிறகும் அதைக் கையைவிட்டு இறக்க மறுத்தான்.

புதன்கிழமை காலையில், நான்கரை மணிக்கு அழைப்பேன், பயல்களையெல்லாம் கூட்டி வை என்று அப்பாவிடமிருந்து செய்தி வந்தது. அம்மா அன்று ஏத்த வாழைப்பழத்தை நீளவாக்கில் கீறி, மாவில் தோய்த்து, ஒரு தட்டு நிறையப் பொரித்துவைத்தாள். வேறு நாட்களில் இந்தப் பையன்களின் கூச்சலுக்கு விசிறிக்கட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறவள் அவள். தட்டை அவர்கள் நடுவில் வைத்துவிட்டு, எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள்.

“அவிய கேட்டா கொள்ளாம்னு செல்லணும், கேட்டியளா? பொத்தான் அப்பிடி, கனம் இப்பிடின்னு ஒண்ணும் செல்லாண்டாம்.”

நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லச் சொன்னதில் எனக்கு வியப்பு ஒன்றுமில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பொருளில் குறை சொல்வது, சாவுவீட்டுக் கஞ்சியில் உப்புப் பார்ப்பதைப் போன்றது எங்கள் ஊரில். அளவில்லாத சட்டையைப் போட்டுக்கொண்டு கச்சிதம் என்பார்கள். மணம் பிடிக்காத சோப்பைக் கடைசிவரை தேய்த்துக் குளிப்பார்கள். அனுப்பியவர் வெயிலில் நின்று சம்பாதித்து அனுப்பியது, அவ்வளவுதான். அம்மாவும் அந்த மரியாதையைத்தான் சொல்கிறாள் என்று எண்ணினேன். ஆனால் திரும்பிப் போகும்போது என் தோளைத் தொட்டு, “நீயுந்தான்” என்றாள். அவள் விரல்கள் தேவைக்கு அதிகமாக அழுத்தின. ஞாயிறு பள்ளியில், பொய்க்கு நன்றி மறுபெயர் ஆகாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். என்னிடம் கேட்காமலே அப்பா அழைப்பை முடித்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அழைப்பு வந்ததும் அண்ணன் கைப்பேசியை எண்ணெய் டப்பாவில் சாய்த்து, தொலைக்காட்சி மேசையின் ஓரத்தில் நிறுத்தினான். அப்பா சவரம் செய்திருக்கவில்லை. பையன்கள் ஒவ்வொருவராக முன்னால் நகர்ந்து, வாயில் பழத்தோடு, கொள்ளாம் என்றார்கள். அப்பா விடவில்லை. கனம் எப்படி, நெடுநேரம் பிடித்தால் கை வலிக்கிறதா, பொத்தான்கள் சரியாக இருக்கின்றனவா என்று துருவினார். கனமே இல்லை, வலியே இல்லை, பொத்தானைப்போல ஒரு பொத்தானைப் பார்த்ததில்லை என்றான் சித்தப்பாவின் மூத்த மகன். பக்கத்து வீட்டுப் பையன், இது முற்றிலும் புதுசு மாமா என்றான். பிறகு அப்பா சிரித்துக்கொண்டே கேட்டார்.

“தக்கலையில ஒரு கடையில இது இருந்தா, வீட்டுல அழுது அடம்பிடிச்சு வாங்குவியளாலே?”

வாங்குவோம் என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குப் பின்னால், அடுக்களை வாசலில், அம்மா மூச்சை விட்ட சத்தம் கேட்டது. முடிந்தது என்று நினைத்து நான் மெல்ல நாற்காலிக்குப் பின்னால் நகர்ந்தேன்.

“எனக்க மோள எங்க? அவளுட்ட ஒண்ணும் கேக்கலியே” என்றார் அப்பா.

அண்ணன் என் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டான்.

“நீ கள்ளம் செல்லமாட்ட. உள்ளதச் செல்லு மக்களே. எப்பிடி இருக்கு?”

“நல்லாட்டு இருக்குப்பா” என்றேன். அது உண்மைதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சற்றுமுன் நாலு பேரும் சேர்ந்து சொன்ன ஒன்று உண்மையில்லை. அது என்னை உறுத்தியது. உள்ளதைச் சொல் என்று அப்பாவே கேட்டிருந்தார்.

“ஆனா இவனுவ யாரும் வாங்கமாட்டானுவ.”

“அதென்ன, ஏன்?”

“வாங்கி எதுல போட்டு விளையாடதுக்கு? பெட்டி நம்ம வீட்டுல மட்டும்லா இருக்கு. இவனுவ எல்லாம் போனுலதான் விளையாடுவானுவ. பெட்டிக்கு நம்ம வீட்டுக்குத்தான் வாறானுவ.”

அப்பா அசையவில்லை. படம் உறைந்துவிட்டது, நெட் போய்விட்டது என்றான் சித்தப்பாவின் இளைய மகன். நானும் அப்படித்தான் நம்ப விரும்பினேன். ஆனால் அப்பாவின் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“வேற யாருக்க வீட்டுலயும் இல்லியா?” என்று கடைசியில் கேட்டார்.

“இல்லப்பா.”

“சரியாக்கும். நீ செல்லுதது சரியாக்கும் மக்களே. அம்மைட்ட குடு.”

அம்மா கைப்பேசியை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அவள் பேசியது எதுவும் கேட்கவில்லை. இடையிடையே ‘ம்’ என்பது மட்டும் கேட்டது. பையன்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அண்ணன் என் தலையில் குட்டினான்.

“ஏட்டி, வாயப் பொத்திட்டு இருக்க முடியாதா ஒனக்கு? இனி அப்பா ஒண்ணும் அனுப்பமாட்டாரு பாரு.”

வெளியே வந்த அம்மா, அவளை ஒன்றும் சொல்லாதே என்று அவனைத் தடுத்தாள். அது எனக்கு ஆறுதலாக இல்லை, பயத்தை அதிகமாக்கியது. சொன்னதை மீறியதற்கு அவள் என்னைத் திட்டியிருக்க வேண்டும். திட்டாமல், தட்டில் மீந்திருந்த பழத்துண்டுகளை என் பக்கம் நகர்த்தினாள். நான் அப்பாவை எவ்வளவு அவமானப்படுத்தியிருந்தால் திட்டுக்குக்கூட இடமில்லாமல் போயிருக்கும் என்று எண்ணி, அன்று இரவுச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அப்பா ஜூனில் வரவில்லை. அங்கேயே வேறொரு வேலை தேடிக்கொண்டார். நான் எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை அவரைக் கைப்பேசியில்தான் பார்த்தேன். ஆனால் அந்தப் புதன்கிழமை இரவு இதெல்லாம் இன்னும் நடந்திருக்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: அப்பாவுக்கு என்மேல் கோபமா இல்லையா.

அதைக் கேட்பதற்காக மறுநாள் காலை விழித்ததும் அம்மாவைத் தேடி வீட்டின் பின்பக்கம் போனேன். அவள் கொடியருகில் நின்றிருந்தாள். கொடி முழுவதும் அப்பாவின் துணிகள். முந்தைய விடுப்பில் அவர் விட்டுப்போன சட்டைகள், கைலிகள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு உடுத்தும் வெள்ளை வேட்டி. எல்லாம் பீரோவின் அடித்தட்டில் கிடந்தவை. முந்தைய நாள் காலை, பையன்கள் வருவதற்கு முன்பே அவற்றைத் துவைத்துப் போட்டிருக்கிறாள். இருட்டும் முன் கொடியைக் காலிசெய்துவிடுகிறவள் அன்று ராத்திரி அவற்றை எடுக்காமலே விட்டிருந்தாள்.

அப்பாவுக்குக் கோபமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் லேசானது. யாரும் உடுக்காத துணியை எதற்காகத் துவைத்தாய் என்று அடுத்துக் கேட்டேன்.

“சும்மா கெடந்தா மட்கிப்போவும்லா” என்றாள்.

எனக்கு அது சரியான காரணமாகவே பட்டது. முந்தைய நாளின் தவற்றை ஈடுசெய்யும் ஆசையில், அவள் சொல்லாமலே துணிகளைக் கொடியிலிருந்து இறக்கினேன். ஒவ்வொரு சட்டையையும் பாயில் விரித்து, கைகளைப் பின்னால் மடக்கி, ஓரத்தோடு ஓரம் சேர மடித்தேன். வேட்டியைக் கரை வெளியே தெரியும்படி மடித்தேன். எல்லாவற்றையும் மார்போடு அணைத்து எடுத்துப்போய், பீரோவின் அடித்தட்டில் முன்பிருந்தபடியே அடுக்கி, இடையிடையே அந்துருண்டைகளைப் போட்டுக் கதவைச் சாத்தினேன்.