தாம்பாளத்தில் வைத்த காலி டிஸ்க்

வலங்கைமான் கடைத்தெருவில் வீடியோ கடை வைத்திருக்கும் ரெத்தினத்துக்கு ஒரு பெயர் உண்டு. அவர் எடுக்கும் கல்யாணத்தில் யாரும் விடுபடமாட்டார்கள். பந்தியில் ரசத்துக்குக் கை குவித்தவர் முதல் மண்டப வாசலில் செருப்பைத் தேடியவர் வரை எல்லோரும் இருப்பார்கள். மணிக்கணக்கில் ஓடும் அந்த வீடியோவை எந்தக் குடும்பமும் முழுதாகப் பார்த்ததில்லை. ஆனால் அதில் தாம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதுவே போதுமானதாக இருந்தது. இவ்வளவு கவனமான மனிதர் தம் சொந்தக் கல்யாண வீடியோவில் பாதிக்கு மேல் இல்லை. லைட் சரியில்லையென்று எழுந்துபோய்விட்டார்.

எடுத்ததை டிவிடியாகக் கொடுப்பார். அதற்கென்று ஒரு பழைய சாஃப்ட்வேர். டிஸ்க்கைப் போட்டதும் டிவியில் பெண் அழைப்பு, தாய்மாமன் சீர், தாலி கட்டு, பந்தி என்று கட்டம் கட்டமாக வரும். வேண்டியவர் வேண்டிய கட்டத்துக்குப் போகலாம். அந்த சாஃப்ட்வேருக்கு எதையும் வெட்டத் தெரியாது. வரிசையில் உட்கார வைக்க மட்டும்தான் தெரியும்.

பிறகு கல்யாண வீட்டுப் பிள்ளைகள் மூன்று நிமிட ஹைலைட்ஸ் கேட்க ஆரம்பித்தார்கள். அதற்கு எடிட்டிங் சாஃப்ட்வேர் வேண்டும். அது புது விண்டோஸில்தான் ஓடும். பழையதோ புது விண்டோஸைக் கண்டால் திறக்கவே திறக்காது. கடையில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். இன்னொன்று வைக்க மேசையில் இடமில்லை. கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் ஜாஃபர் சாதிக் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ரெண்டையும் இதுக்குள்ள ஏத்தினா ரெண்டும் நொண்டும்ண்ணே. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

ரெத்தினம் சில நாள் யோசித்தார். வீட்டில் டிவிடி பிளேயர் வைத்திருப்பவர்களை நினைத்துப் பார்த்தார். ஒருவர் முகமும் வரவில்லை. எடிட்டிங் என்று சொல்லிவிட்டார். பழையது போனதில் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை. அந்த மெனுவில் தமிழ் எழுத்தைக் கோர்ப்பதற்குள் கண் போய்விடும்.

புது ஏற்பாட்டில் முதலில் வந்தது நெடுமாறன் வீட்டு மூத்த பெண் செம்மொழியின் கல்யாணம். நெடுமாறன் விவசாயி, பகுத்தறிவாளர். அவர் வீட்டுக் கல்யாணத்தில் புரோகிதர் கிடையாது, நல்ல நேரம் கிடையாது, அக்கினி கிடையாது. ஆனால் தாய்மாமன் சீர் உண்டு. இதில் என்ன முரண்பாடு என்று கேட்டவர்களிடம், அது மதம் இல்லை, மச்சான் என்று விளக்குவார். மச்சான் செல்லதுரை பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருப்பவர். தட்டுகள் ஏந்திய பெண்கள் முன்னால் வர, லாரி நிறையத் தேங்காயோடு வந்து இறங்கினார். தெருவே நின்று பார்த்தது.

ஹைலைட்ஸில் அந்த ஊர்வலம் மூச்சு விடும் நேரத்துக்கு வந்தது. அதுவும் ட்ரோனில் எடுத்த காட்சி. மேலேயிருந்து பார்க்கையில் செல்லதுரை என்பவர் வெயிலில் மின்னும் ஒரு வழுக்கை.

வீடியோவை ரெத்தினம் பென்டிரைவில் கொடுத்தார். இங்கேதான் சிக்கல். கல்யாண வீடியோ வந்ததும் பெண்ணின் தாய்தகப்பன் அதைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்து, சம்பந்தி வீட்டுக்கும் தாய்மாமன் வீட்டுக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். நெடுமாறன் மனைவி பொன்னுத்தாய் தாம்பாளத்தில் வைத்துப் பார்த்தார். பென்டிரைவ் கொட்டைப்பாக்கோடு கொட்டைப்பாக்காகக் கிடந்தது. பொண்ணு மாப்பிள்ளை படம் போட்ட டிஸ்க்தான் வேண்டுமென்று கடைக்கு வந்து கேட்டார். ரெத்தினம் தயங்கியதும், "யாரு தம்பி போட்டுப் பார்க்கப் போறா? தட்டுல வெக்கத்தானே" என்றார்.

அது பேச்சுக்குச் சொன்னது. ரெத்தினம் அதை ஆர்டராக எடுத்துக்கொண்டார். காலி டிஸ்க்குகளின் முகத்தில் தம்பதியின் படத்தை அழகாக அச்சடித்து, உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

போட்டுப் பார்க்கிற ஒரே மனிதர் பட்டுக்கோட்டையில் இருந்தார். செல்லதுரையின் மருமகள் போனில் ஹைலைட்ஸைக் காட்டியபோது அவர் கோபப்படவில்லை. அது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம், டிஸ்க்கில் முழுசாக இருக்கும் என்றார். ரெத்தினத்தின் டிஸ்க் மீது அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. மண்டி அறையில் இருந்த பிளேயரைத் துடைத்துப் போட்டார். திரையில் டிஸ்க் இல்லை என்று எழுத்து வந்தது. தங்கை வீட்டார் தமக்குக் காலித் தட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். அடுத்த பெண் இசைவாணியின் கல்யாணத்துக்குச் சொல்லப் பொன்னுத்தாய் போன் செய்தபோது செல்லதுரை சொன்னது ஒரே வரிதான்: "தேங்காய் வரும். நான் வரல."

டிஸ்க் ஓடாத கதையை மருமகள்தான் சொன்னாள். மறுநாள் காலையில் கணவனும் மனைவியும் ரெத்தினம் கடையில் நின்றார்கள். நெடுமாறன் தொழில் தர்மம் பற்றிக் கொஞ்சம் பேசினார். பொன்னுத்தாய் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எங்கண்ணன் வராத பந்தல்ல நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன், சொல்லுங்க தம்பி."

சரியாகப் பதிவாகாமல் போயிருக்கும் என்று ரெத்தினம் முனகினார். அது ஒரு வகையில் உண்மை. பதிவே செய்யாதது சரியாகப் பதிவாகாது.

அன்றே ஜாஃபர் சாதிக்கைக் கூப்பிட்டுப் பழைய விண்டோஸையும் பழைய சாஃப்ட்வேரையும் திரும்பப் போடச் சொன்னார். "போன மாசம்தானேண்ணே இதை வேணாம்னீங்க" என்று கேட்டுக்கொண்டே ஜாஃபர் போட்டார். வேறு இரண்டு வீட்டு ஹைலைட்ஸ் பாதியில் நின்றது. ரெத்தினம் வெட்டாத காட்சிகளை எடுத்து வரிசைப்படுத்தி, மெனுவின் முதல் கட்டமாகத் தாய்மாமன் சீரை வைத்தார். பெண் அழைப்புக்கும் முன்னால். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே துணிச்சலான எடிட்டிங் அதுதான்.

கணவனும் மனைவியும் ரெத்தினமும் பட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார்கள். தாம்பாளம் பொன்னுத்தாய் மடியில் இருந்தது. மண்டி அறையில் செல்லதுரை வாங்க என்றார், உட்காருங்க என்றார், அவ்வளவுதான். ரெத்தினமே டிஸ்க்கை எடுத்து பிளேயரில் போட்டார். அது உள்ளே சுற்றியது, யோசித்தது, டிஸ்க் இல்லை என்றது.

பொன்னுத்தாய் சுவரைப் பார்த்தார். ரெத்தினம் துடைத்துப் போட்டார், திருப்பிப் போட்டார். பிறகு டிவிக்குக் கீழே கிடந்த செல்லதுரை மகன் கல்யாண டிஸ்க்கை எடுத்துப் போட்டார். ஒரு காலத்தில் வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டிய டிஸ்க் அது. அதையும் இல்லை என்றது. தேங்காய் நார்த் தூசி அடைந்து அந்த பிளேயர் எப்போதோ குருடாகிவிட்டிருந்தது.

செல்லதுரை பிளேயரைத் தட்டிப் பார்த்தார். "அப்ப மொதல்ல குடுத்ததும் நல்ல டிஸ்க்தானா?"

ரெத்தினம் ஒயரைச் சுற்றத் தொடங்கினார். ஆதாரமில்லாமல் எதையும் ஏற்கக்கூடாது என்று ஊர் ஊராகப் பேசிய நெடுமாறன் சொன்னார்: "பின்ன என்ன மச்சான். பழுது பொட்டில இருக்கு."

"சரி மாப்ள. அதுல என்னதான் இருந்துச்சுன்னு பார்க்க வேணாமா?"

மருமகள்தான் வழி சொன்னாள். வீட்டு டிவியில் பென்டிரைவ் போடலாம் என்று எல்லோரையும் கூட்டிப் போனாள். ரெத்தினத்தின் பையில் வெட்டாத காட்சிகள் அப்படியே ஒரு பென்டிரைவில் இருந்தன. மெனு இல்லை, இசை இல்லை, எந்த சாஃப்ட்வேரும் தொடாதவை. திரையில் லாரி வந்து நின்றது. செல்லதுரை இறங்கி வேட்டியைச் சரிசெய்தார். "அண்ணே, வெளிச்சத்துக்கு வாங்க" என்று ரெத்தினத்தின் குரல் கேட்டது. தட்டுகள் ஒவ்வொன்றாக, முகங்கள் ஒவ்வொன்றாகக் கேமராவைக் கடந்தன. பந்தலில் பொன்னுத்தாய் அண்ணனைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டது அதில் இருந்தது. ஹைலைட்ஸில் அது இல்லை. அந்த நொடியில் குறுக்கே ஒருவர் போனதால் ரெத்தினமே வெட்டியது. செல்லதுரை அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். பிறகு ஒரு தட்டைக் காட்டி, மாம்பழத்தை முன்னால் வைத்திருக்க வேண்டும் என்று குறைபட்டுக்கொண்டார்.

முடிந்ததும் எழுந்து தோளில் துண்டைப் போட்டார்.

"இந்தத் தடவ மண்டபத்து வாசலு எப்படி? லாரி உள்ள திரும்புமா?"

பொன்னுத்தாய் திரும்பும் என்றார். திரும்பாவிட்டால் மதிலை இடித்துவிடலாம் என்பது போலிருந்தது அவர் சொன்ன விதம்.

திரும்பும் பஸ்ஸில் பொன்னுத்தாய் ஜன்னலோரம் தூங்கிவிட, நெடுமாறன் குனிந்து கேட்டார். "மொத டிஸ்க்குல நெசமா என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லண்ணே."

நெடுமாறன் தூங்கும் மனைவியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அவகிட்ட சொல்லாதீங்க" என்றார்.

ரெத்தினம் மறுபடி எடிட்டிங் சாஃப்ட்வேருக்கே போனார். ஜாஃபர் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. இப்போது பிள்ளைகளுக்கு ஹைலைட்ஸ் கொடுக்கிறார், மாமன்மார்களுக்கு வெட்டாததைப் பென்டிரைவில் கொடுக்கிறார். தட்டுக்கு டிஸ்க்கும் உண்டு. அதில் தாய்மாமன் சீரை மட்டும் சும்மா ஃபைலாகப் பதிந்துவிடுகிறார். மெனு கிடையாது, எந்த பிளேயரிலும் ஓடுமென்ற உறுதியும் கிடையாது, ஆனால் காலி இல்லை. செல்லதுரை வீட்டு ஷோகேஸில் செம்மொழி கல்யாணத்து டிஸ்க்குகள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. எது காலி என்று ரெத்தினத்துக்கே தெரியாது.

இசைவாணி கல்யாணத்தன்று லாரி மண்டபத்துக்குள் திரும்பியது. செல்லதுரை இறங்கவில்லை. ட்ரோன் மேலே ஏறும் வரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். அது ஏறியதும் இறங்கி, அண்ணாந்து அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் பந்தலை நோக்கி நடந்தார். தலையில் சரிகைத் தலைப்பாகை, காதுவரை இறக்கிக் கட்டியிருந்தது.