ஏழாவது வால்

சென்ற மாதம் அம்மாவுக்குக் கொடுத்த நினைவுப் பரிசில் ஒரு பொய் இருக்கிறது.

பழுப்பேறிய ஒற்றைத் தாள். அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டல் ஒன்றின் மண்டபத்தில் மேடையேற்றிக் கொடுத்தார்கள். இளம் பொறியாளராகச் சேர்ந்த அதே விமானத் தயாரிப்பு நிறுவனத்துக்கு அம்மா நிர்வாக இயக்குநராகப் பொறுப்பேற்ற நாள் அது. விடைபெற்றுப் போகிற பழைய எம்.டி. மைக்கைப் பிடித்து அந்தத் தாளின் கதையைச் சொன்னார். அவர் சொன்ன கதையில் அவர் அம்மாவின் பக்கம் மலைபோல நின்றிருந்தார். எனக்கு நினைவிருப்பது வேறு. ஆனால் அப்போது எனக்கு எட்டு வயது. எட்டு வயது நினைவை நம்பி ஒரு பெரிய மனிதரை மறுக்கலாமா என்று யோசித்துக்கொண்டே கைதட்டினேன். மடியில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஏ.சி. குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளுமா என்ற கவலை வேறு.

அன்றிலிருந்து எட்டு வயதின் அந்தச் சனிக்கிழமை அடிக்கடி நினைவில் வருகிறது. முழுதாக வருவதில்லை. முதலில் சவுக்குத்தோப்பின் ஓசை வரும். பிறகு வெள்ளை வெளிச்சம். பிறகு அந்த வெளிச்சத்தில் மூன்று கால் சட்டத்தின் மேல், தூங்குகிற கொக்கைப்போல் அசையாமல் இருக்கும் சின்ன விமானம்.

நாங்கள் அப்போது கோவளத்தில் இருந்தோம். அத்தாவுக்குப் படகு எஞ்சின் உதிரிபாகக் கடை. அம்மா வேலை பார்த்தது ஆளில்லாமல் பறக்கும் விமானம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில். இன்று கல்யாண வீட்டில்கூடத் தலைக்கு மேல் கேமரா பறக்கிறது. அன்று அப்படியில்லை. பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது யாராவது அத்தாவை மடக்குவார்கள்.

"இன்னா பாய், உன் வூட்டுக்காரி ப்ளேன் வுடுதாமே? மெய்யாவா?"

"அதுல ஆளே கிடையாதுப்பா. எங்க வூடு மாதிரிதான், அது பாட்டுக்கு ஓடும்" என்பார் அத்தா.

அவர் சொன்னது அந்த வாரத்துக்கு அப்படியே பொருந்தியது. சனிக்கிழமை நெம்மேலிக்குத் தெற்கே கடலோரத்தில் வெள்ளோட்டம். கடற்கரையைக் கண்காணிக்க விமானம் வாங்குவதற்காக டெல்லியிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் கம்பெனி பிழைக்கும். பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் கதவு திறக்குமா என்பதே சந்தேகம் என்று பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அம்மா விடியலில் ஃபஜ்ர் தொழுத கையோடு கிளம்பிவிடுவார். எனக்குத் தலை பின்னிவிட்டது அத்தாதான். படகைக் கட்டுகிற முடிச்சுதான் அவருக்குத் தெரியும். ரிப்பனை அப்படித்தான் கட்டுவார்.

"ஆடாத நில்லு பாப்பா. நீ திமிறினா நான் எங்க கட்டறது?"

அந்த விமானத்துக்கு ஏழு வால்கள் உண்டு. வால் என்பது அவர்கள் வைத்த பெயர். விமானம் தரையில் இருக்கும்போது அதன் காற்றுக் குழாய், எஞ்சின் வாய் எல்லாவற்றையும் மூடி போட்டு அடைத்து வைப்பார்கள். சில பாகங்கள் தானாகத் திறந்துகொள்ளாதபடி விரல் நீளக் கம்பி ஒன்றைச் செருகி வைப்பார்கள். மூடியோ கம்பியோ, ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புத் துணிப் பட்டை தொங்கும். பறப்பதற்கு முன் ஏழையும் கழற்றி அம்மாவின் கையில் கொடுக்க வேண்டும். அம்மா உரக்க எண்ணி, ஏழு ஆணி அடித்த பலகையில் மாட்டுவார். ஏழு என்று சொன்ன பிறகுதான் எஞ்சினைத் தொடலாம். துணி எதற்கு என்றால், கழற்ற மறந்தது கண்ணில் பட வேண்டும், அதற்குத்தான்.

உப்புக் காற்றில் அந்தத் துணிகள் இற்றுப்போயிருந்தன. வியாழன் சாயங்காலம் அம்மா ஏழையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுச் சிவப்புத் துணி வெட்டி, தையல் மெஷினில் ஓரம் அடித்து ஒவ்வொன்றிலும் முடிந்தார். முடிந்ததை ஒரு டிபன் டப்பாவில் போட்டு வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

அந்த வாரம்தான் என் இரண்டு ரிப்பன்களில் ஒன்று பஸ் ஜன்னல் வழியே பறந்துபோயிருந்தது. பள்ளியில் இரட்டைப் பின்னல், இரண்டிலும் சிவப்பு ரிப்பன். இல்லாதவர்களை பி.டி. டீச்சர் வெயிலில் நிறுத்துவார். அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன். அம்மாவுக்கு இருக்கிற வேலையில் இதைப்போய்ச் சொல்வதா என்று நினைத்தேனோ, தொலைத்ததற்குத் திட்டு விழும் என்று பயந்தேனோ தெரியவில்லை. டப்பாவைத் திறந்தேன். ஒரு கம்பியிலிருந்து துணியை அவிழ்த்தேன். முடிச்சு கெட்டியாக இருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. கம்பியைப் பத்திரமாகத் திரும்ப டப்பாவில் வைத்து மூடினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருப்பிக் கட்டிவிடலாம் என்பது என் திட்டம். வெள்ளிக்கிழமை விடிந்தபோது டப்பா அம்மாவோடு போய்விட்டிருந்தது.

சனிக்கிழமை காலை அத்தாவுக்குச் செங்கல்பட்டில் வேலை. கொடியில் கிடந்த இரண்டு சிவப்பையும் எடுத்து என் தலையில் முடிந்து, ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்து, வெள்ளோட்டம் நடக்கிற சவுக்குத்தோப்பில் அம்மாவிடம் கொண்டுவந்து விட்டார். நாஸ்தா பாத்திரத்தை ஜீப்பில் வைத்தார்.

"துன்னுட்டு வேலையப் பாரு. துன்னாமப் பறந்துடப் போவுது" என்றார்.

"பறக்கறது நானில்லங்க" என்றார் அம்மா, விமானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது என்பது எனக்கு உத்தரவு. பின்சீட்டில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்தேன். கடல் பளபளவென்று, கண்ணைச் சுருக்கினால் காணாமல்போய்விடும்போல இருந்தது. கரையில் நாற்பது ஐம்பது பேர் இரண்டு வரிசையாக நின்று பெரிய வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பாட்டின் இழுப்பு காற்றில் வந்து வந்து போனது. விமானம் அவர்களுடைய தலைக்கு மேலேதான் கடலுக்குள் போக வேண்டும். நிழலில் நாற்காலி போட்டு டெல்லிக்காரர்கள் மூவரும் இளநீர் குடித்தார்கள். எனக்குத் தூக்கம் சொக்கியது.

"ஒண்ணு" என்றது அம்மாவின் குரல். "ரெண்டு. மூணு."

விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தவர் அம்மாவோடு வேலை செய்த பொறியாளர். கோவளத்துக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். விடியற்காலை அரைவெளிச்சத்தில் அவற்றை மாட்டியவரும் அவரே.

"ஆறு" என்றார் அம்மா. கை நீட்டியபடியே நின்றார்.

"அவ்ளோதான் மேடம்."

"இன்னும் ஒண்ணு."

மாமா மறுபடி சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். "செவப்பா ஒண்ணுமே கண்ணுல படல மேடம். ஒண்ணு காத்துல பூடுச்சோ இன்னாவோ."

எம்.டி. வேகமாக வந்தார். "என்னம்மா, ஒரு துணித்துண்டுக்காகவா நிறுத்தி வெச்சிருக்கீங்க? பத்து மணிக்கு மேல கடல்காத்து ஏறிடும். அவங்க மணி பாக்கறாங்க பாருங்க."

"ஏழு வரல சார்."

"எல்லாம் கழட்டியாச்சுன்னு அவர்தான் சொல்றாரே?"

"அவர் பாத்ததைச் சொல்றார். நான் எண்ணினதைச் சொல்றேன்."

அம்மா தரையைப் பார்த்தார். சவுக்குச் சருகுகளைக் காலால் விலக்கினார். பலகையைப் பார்த்தார், டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார், தோப்பைச் சுற்றிலும் பார்த்தார். அந்தப் பார்வை மெதுவாக ஜீப்புக்கு வந்து, என் தலையில் வந்து நின்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கையை ஆட்டினேன்.

அம்மா திரும்பி ஆட்டவில்லை. நேராக விமானத்தின் முதுகுப் பக்கம் போனார். விரலால் தடவிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தி, நகத்தால் நெம்பி எதையோ உருவினார். துணி இல்லாத ஒரு கம்பி. அதன் தலை விமானத்தின் வெள்ளைச் சாயத்தோடு கலந்து இருந்த இடமே தெரியாமல் இருந்திருக்கிறது. அது பாராசூட் கதவைப் பூட்டிவைக்கிற கம்பி என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அதை எடுக்காமல் விட்டிருந்தாலும் விமானம் பறந்திருக்கும், அழகாகவே பறந்திருக்கும். நடுவானில் எஞ்சின் நின்றால் மட்டும் பாராசூட் விரியாது. கீழே வலை இழுக்கிறவர்கள்.

நான் வியந்துபோனேன். அம்மாவுக்கு எப்படித்தான் எல்லாம் தெரிகிறதோ! நான் எடுத்தது துணி. அவர்கள் தேடியது கம்பி. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

"கெடச்சிடுச்சில்ல! கெளப்புங்க" என்றார் எம்.டி.

"முடியாது சார். எண்ணிக்கை தப்பினா மொதல்லேருந்து எல்லாத்தையும் பாக்கணும். விதி அதுதான்."

"விதிய எழுதினதே நீங்கதானேம்மா!"

"எழுதினது நான். கையெழுத்து உங்களோடது."

மாமாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிக்கக்கூடாத நேரம் என்று புரிந்து, இருமலாக மாற்றிக்கொண்டார். முதலிலிருந்து பார்த்து முடிக்க மூன்று மணி நேரம் ஆகும். சவுக்கு இலைகள் ஏற்கெனவே ஒரே பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன. டெல்லிக்காரர்கள் இளநீர்க் கூட்டை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார்கள். அவர்களுடைய கார் மணலில் திரும்பிப் போவதை எம்.டி. கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவிடம் வந்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு நினைவிருந்திருக்காது.

"யார் தப்புன்னு எழுதிக் குடுங்க. எனக்குப் பேர் வேணும்."

மாமாவின் முகத்திலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. வால் இல்லாத கம்பியை மாட்டியது அவர்தானே? அம்மா ஜீப்பின் பானெட்மேல் தாளை வைத்து நின்றபடியே எழுதினார். மூன்றே வரி. தாள் காற்றில் பறக்காமலிருக்க அந்தக் கம்பியையே மேலே வைத்திருந்தார்.

அதன்பின் அம்மாவை வெள்ளோட்டங்களுக்கு அனுப்பவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் கம்பெனிக் கொட்டகையின் மூலையில் காகிதம் சரிபார்க்கிற மேஜையில் உட்காரவைத்தார்கள். அந்த நாட்களில் அம்மா சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவார், எனக்கு அவரே தலை பின்னிவிடுவார். எனக்கு அது கொண்டாட்டம். கம்பெனி எப்படியோ தள்ளாடிப் பிழைத்தது. அம்மா எண்ணாத விமானத்தைக் கிளப்ப ஆட்கள் தயங்குகிறார்கள் என்று மாமாதான் முதலில் போய்ச் சொன்னாராம். பிறகு அந்த டெல்லிக்காரர்களே திரும்பி வந்தார்கள். அன்று நிறுத்தச் சொன்ன அம்மா இன்னும் வேலையில் இருக்கிறாரா என்று கேட்டார்களாம். இருக்கிறார் என்று சொல்ல வேண்டியிருந்ததால் மேஜை மாறியது. சோதனைப் பிரிவின் தலைமை, பிறகு தொழிற்சாலையின் தலைமை, இப்போது எல்லாவற்றுக்கும் தலைமை.

மண்டபத்தில் விருந்து நடந்தபோது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சட்டத்தின் அருகே போய்ப் படித்தேன். ஆங்கிலத்தில், அம்மாவின் சாய்ந்த எழுத்து. ஏழாவது கம்பியின் துணி தையல் விட்டு விழுந்துவிட்டது. தைத்தது நான். தவறு முழுவதும் என்னுடையது.

தையல் விடவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்த முடிச்சு அது.

ஆறை ஏழு என்று சொல்லச் சொல்லி ஒரு கம்பெனியே கெஞ்சியபோது வளையாத மனுஷி, அடுத்த அரைமணியில் தன் பெயருக்கு மேல் ஒரு பொய்யை எழுதியிருக்கிறார். அது சரியா என்று எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. என் மகளுக்காக நான் எழுதுவேனா? எழுதுவேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் முதலில் விமானத்தை நிறுத்தியிருப்பேனா? அங்கேதான் எனக்குத் தூக்கம் போகிறது. நிமிர்ந்து பார்த்தேன். கூட்டத்துக்கு அப்பாலிருந்து அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ பூங்கொத்தை நீட்டவும் திரும்பிக்கொண்டார். நாங்கள் இன்றுவரை அதைப் பற்றிப் பேசவில்லை.

அன்று எழுதிக் கொடுத்துவிட்டு அம்மா ஜீப்பில் ஏறி என் பின்னால் உட்கார்ந்தார். நாஸ்தா பாத்திரத்தைத் திறக்கவில்லை. என் தலையைத் தன் பக்கம் இழுத்து, அத்தா போட்ட முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினார்.

"அத்தா நல்லாத்தான் கட்டினாரு" என்றேன்.

"இறுக்கமா இருக்கு. வலிக்கும்" என்றார்.

இரண்டு பின்னலையும் அவிழ்த்து, ஒற்றைப் பின்னலாகப் போட்டு, என் பழைய ரிப்பனை மட்டும் கட்டினார். மற்றதைச் சுருட்டிக் கைப்பையின் உள்ளறையில் வைத்தார். சனிக்கிழமைக்கு ஒற்றைப் பின்னல் போதும் என்று நினைத்திருப்பார் என எண்ணிக்கொண்டேன். எடுத்ததை அம்மா கவனிக்கவில்லை, தப்பித்தோம் என்றும் எண்ணிக்கொண்டேன். ரிப்பனை முடிவதற்குள் அவர் விரல்கள் நாலைந்து தடவை நழுவின. என் தலை கடகடவென்று ஆடியது. மணல் பாதை, ஜீப் குலுங்குகிறது என்று நினைத்து, விழாமலிருக்க முன்சீட்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

டிரைவர் இன்னும் வண்டியில் ஏறியிருக்கவே இல்லை.